விமான இடப்பதிவு ஏடும் பிரயாணியின் உரிமையும்

மைசூரிலிருந்து சென்னைக்கு ஆகாய விமானத்தில் செல்ல இடம் பதிவு செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பணம் செலுத்திய சிறிது நேரத்தில் எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்கம் கொண்ட ஒரு குறி நம் கைக்கு வந்து சேருகிறது. அதைச் சீட்டென்று கருதிப் பத்திரப்படுத்துகிறோம். அது சீட்டன்று. எங்கோ தொலைவில், ஒரு கணிப்பொறியில், நம் பெயரால் திறக்கப்பட்டிருக்கும் ஓர் ஏட்டின் அடையாளமே அது. மண்டகள்ளி விமான நிலையத்தின் வாயிலில் நிற்கும்போது நம்மைப் பற்றிப் பேசுவது நாமல்ல, அந்த ஏடு. அதில் நம் பெயர் இல்லையேல் விமானத்தில் நமக்கு இடமில்லை. ஆகவே அந்த ஏட்டைப் பார்க்க நமக்கு உரிமை உண்டா, பிழை இருந்தால் திருத்தச் சொல்லலாமா, அது யார் யார் கைக்குப் போகிறது என்று கேட்கலாமா என்பதை இப்பேச்சில் ஆராய்வோம்.

ரயிலில் செல்லும் நேயர்களுக்குப் பி.என்.ஆர். என்ற சொல் புதிதன்று. பிரயாணியின் பெயர்ப் பதிவு என்பதே அதன் விரிவு. ரயிலுக்கு அது பத்து இலக்க எண். விமானத்துக்கு ஆறிலக்கக் குறி. ரயில் பதிவில் பெயரும் வயதும் பெட்டியும் படுக்கையும் போன்ற சில விவரங்களே இருக்கும். விமான ஏட்டிலோ விஷயம் மிகுதி. பெயர், செல்லும் வழி, தொலைபேசி எண், பணம் செலுத்திய வகை, பதிவு செய்த ஏஜெண்ட் யார் என்பன ஒருபுறம். சக்கர நாற்காலி கேட்டோமா, எத்தகைய உணவு கேட்டோம், யாருடன் சேர்ந்து பயணம் செய்கிறோம் என்பன மற்றொருபுறம். நீரிழிவு நோயாளியின் உணவுக்கு ஒரு குறி, இந்து உணவுக்கு ஒன்று, முஸ்லிம் உணவுக்கு ஒன்று என நான்கெழுத்துக் குறிகள் உலகெங்கும் வழக்கில் உள்ளன. ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறித்து வைத்த இடத்தில் நம் மதமும் நோயும் தாமே குறிக்கப்பட்டுவிடுகின்றன. மேலும், ஏட்டில் ஒன்றை மாற்றினால் பழையது மறைந்துவிடுவதில்லை. எப்போது, எந்த அலுவலகத்திலிருந்து, எதை மாற்றினார்கள் என்ற வரலாறும் அடியில் சேர்ந்துகொண்டே போகும்.

தமிழர்களாகிய நமக்கு இந்த ஏட்டில் ஒரு தனித் தொல்லை உண்டு. அது பெயர்த் தொல்லை. இடப்பதிவுக் கணிப்பொறிகளை அமைத்தவர்கள் மேல்நாட்டார். மனிதனுக்குக் குடும்பப் பெயர் ஒன்றும் இட்ட பெயர் ஒன்றும் கட்டாயம் இருக்கும் என்ற எண்ணத்தில் இரண்டு கட்டங்களை வைத்துவிட்டார்கள். நமக்கோ தந்தையின் பெயர் முன்னெழுத்தாகச் சுருங்கி நிற்பதே வழக்கம். சுப்பிரமணியன் மகன் முருகன் என்று ஒருவரைக் கொள்வோம். ஊரில் அவர் சு. முருகன். மைசூருக்கு வந்து வாங்கிய அட்டையில் முருகன் எஸ். பாஸ்போர்ட்டில் முருகன் சுப்பிரமணியன். அல்லது குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்க, முருகன் மட்டும். கணிப்பொறியோ கட்டம் காலியாக இருக்க ஒப்புவதில்லை. ஆதலால் முருகன் முருகன் என்று இரட்டித்து எழுதுவதும், தந்தையின் பெயரையே குடும்பப் பெயராக இடுவதும் நடைபெறுகின்றன. பிறகு வாயிலில் நிற்பவர் ‘மிஸ்டர் சுப்பிரமணியன்’ என்று கூவுகிறார். தந்தையைத் திருநெல்வேலியில் விட்டு வந்த மகன், யாரையோ அழைக்கிறார்கள் என்று நின்றுகொண்டிருக்கிறார்.

இத்தொல்லை நம் கன்னட அயலாருக்கும் பொதுவே; அவர்களும் ஊர்ப் பெயரையும் தந்தை பெயரையும் முன்னெழுத்தாக வைப்பவர்கள். மைசூர் யாதவகிரியில் வீடு கட்டி வாழ்ந்த எழுத்தாளர் ஆர். கே. நாராயணின் முன்னெழுத்துகளில் ஒன்று ராசிபுரம் என்னும் ஊர். மற்றொன்று கிருஷ்ணசாமி என்னும் தந்தை. இவற்றுள் எது குடும்பப் பெயர் என்று கணிப்பொறி கேட்டால் என்ன விடை சொல்வது?

பெயர்ப் பிழை சிரிப்போடு முடிந்துவிட்டால் கவலையில்லை. அடையாள அட்டையும் ஏடும் ஒவ்வாதபோது பிரயாணி திருப்பி அனுப்பப்படலாம். வெளிநாட்டுப் பயணமாயின் அந்த ஆபத்து இன்னும் பெரிது. இவ்விஷயத்தில் மத்திய சர்க்காரின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரு சலுகை தந்திருக்கிறது. விமானக் கம்பெனியின் சொந்த வலைத்தளத்திலேயே பதிவு செய்து, 24 மணி நேரத்துக்குள் பிழையைச் சுட்டிக்காட்டினால், அதே ஆளின் பெயரைத் திருத்துவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஏஜெண்ட் மூலம் பதிவு செய்தவர்களுக்கு இச்சலுகையை அவ்விதி சொல்லவில்லை. வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர் பலர், மொழியறிந்த ஒரு தமிழ் ஏஜெண்டின் கடைக்குச் சென்று பதிவு செய்வதையே நம்பிக்கையாகக் கருதுகிறோம். அந்த நம்பிக்கை தவறென்று சொல்லமாட்டோம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

அந்த விலை தொலைபேசி எண்ணில் இன்னும் தெளிவாகப் புலப்படும். அவசரத்திலோ வழக்கத்தினாலோ ஏஜெண்ட் தம் கடையின் எண்ணையே ஏட்டில் எழுதிவிடுகிறார். விமானம் ரத்தானால் செய்தி கடைக்குப் போகிறது. கடை இரவில் பூட்டியிருக்கிறது. நாம் விடியலில் விமான நிலையத்துக்குப் போய் நிற்கிறோம். நஷ்டஈடு கேட்கலாமே என்றால், அங்கும் ஒரு முட்டு. விமானம் ரத்தானால் பிரயாணிக்குத் தரவேண்டிய நஷ்டஈட்டை வகுத்துள்ள அதே இயக்குநரக விதி, பதிவு செய்யும்போது தொடர்புகொள்ளப் போதிய விவரம் தராத பிரயாணிக்கு நஷ்டஈடு இல்லை என்றும் கூறுகிறது. நாம் கடையில் நம் எண்ணைச் சொன்னோம். ஏட்டில் அது ஏறவில்லை. ஏட்டைக் காணாத வரையில் நாம் அதை அறியவும் வழியில்லை, மெய்ப்பிக்கவும் வழியில்லை. ஏட்டைப் பார்க்கும் உரிமை வக்கீல்களுக்கும் பண்டிதர்களுக்கும் உரிய விவகாரம் என்று எண்ணுவோர் இந்த ஓர் உதாரணத்தைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

சரி, அந்த ஏடு எங்கே இருக்கிறது? ஒரு காலத்தில் அமெரிக்காவில் விமானக் கம்பெனியின் அலுவலகத்தில் சுழலும் மேசையொன்றைச் சுற்றிக் குமாஸ்தாக்கள் அமர்ந்து, ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அட்டை வைத்து, இடம் விற்க விற்கக் குறித்து வந்தார்கள். 1953-ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவரும் ஐ.பி.எம். கம்பெனியின் விற்பனையாளர் ஒருவரும் ஒரே விமானத்தில் அருகருகே அமர நேர்ந்தது. இருவருக்கும் ஸ்மித் என்றே பெயர். அப்பேச்சிலிருந்து பிறந்த ஸேபர் என்னும் அமைப்பு 1960-களின் தொடக்கத்தில் வேலையைத் தொடங்கி, 1964-க்குள் அக்கம்பெனியின் இடப்பதிவு முழுவதையும் ஏற்றுக்கொண்டது. 1987-இல் ஐரோப்பிய விமானக் கம்பெனிகள் நான்கு கூடி அமேடியஸ் என்னும் அமைப்பை நிறுவின. அதன் தலைமையகம் ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரில் உள்ளது. நம் நாட்டு இண்டிகோ பயன்படுத்தும் நேவிடேர் என்ற அமைப்பையும் 2016-இல் அமேடியஸே வாங்கிவிட்டது. ஆக, மைசூர் சயாஜி ராவ் சாலையில் ஒரு கடையில் சொன்ன பெயரும் எண்ணும், நாம் கண்டறியாத கம்பெனிகளின் பொறிக்குள் போய் அமர்கின்றன. இன்னொன்றும் உண்டு. ஏஜெண்டின் அமைப்பில் ஓர் ஏடும், விமானக் கம்பெனியின் அமைப்பில் வேறோர் ஏடுமாக ஒரே பயணத்துக்கு இரண்டு ஏடுகளும் இரண்டு குறிகளும் இருத்தல் சாதாரணம். ஒன்றில் திருத்தியது மற்றொன்றில் திருந்தாமல் நிற்பதுண்டு.

இவ்வாறு பிறர் கையில் ஏடு இருப்பதன் விளைவை நம் நாடு 2021-ஆம் ஆண்டில் கண்டது. ஏர் இந்தியாவின் பிரயாணிகள் விவரங்களை வைத்திருந்தது சீட்டா என்னும் அமைப்பு. 1949-இல் விமானக் கம்பெனிகள் பல சேர்ந்து உண்டாக்கிய அதற்கு ஜெனீவாவில் தலைமையகம். அதன் பொறிக்குள் யாரோ புகுந்துவிட்டதாக 2021 பிப்ரவரி இறுதியில் ஏர் இந்தியாவுக்குத் தகவல் வந்தது. யார் யாருடைய விவரங்கள் பாதிக்கப்பட்டன என்பது மார்ச் 25, ஏப்ரல் 5 ஆகிய நாட்களில் தெரிவிக்கப்பட்டது. பிரயாணிகளுக்கோ மே மாதத்தில்தான் செய்தி எட்டியது. 2011 ஆகஸ்ட் 26 முதல் 2021 பிப்ரவரி 3 வரை பதிவான விவரங்கள் அதில் அடங்கும். உலகெங்கும் சுமார் 45 லட்சம் பேர். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம், சீட்டு விவரம், கடன் அட்டை விவரம் ஆகியவை. அட்டையின் பின்புறத்து இரகசிய எண் மட்டும் அங்கே வைக்கப்படவில்லை என்று கம்பெனி ஆறுதல் கூறியது. 2011-இல் ஒரு முறை பறந்தவருடைய பாஸ்போர்ட் விவரம் பத்தாண்டு கழிந்தும் அங்கே ஏன் இருந்தது என்று கேட்கும் உரிமையே அன்று அவருக்குத் தெளிவாக இல்லை என்பதுதான் நம்மை வருத்தும் செய்தி.

நாமே கதவைத் திறந்துவிடுவதும் உண்டு. குறியும் குடும்பப் பெயரும் தெரிந்தால் போதும், பல கம்பெனிகளின் வலைத்தளத்தில் ஏட்டின் ஒரு பகுதி திறந்துகொள்ளும். அதாவது ஆறிலக்கக் குறியே கடவுச்சொல்லாகவும் வேலை செய்கிறது. அக்கடவுச்சொல்லையோ போர்டிங் பாஸில் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். இது எத்துணை பலவீனமான பூட்டு என்பதை 2016 டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் கூடிய மாநாட்டில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் கார்ஸ்டன் நோல் தம் துணைவருடன் எடுத்துக்காட்டினார். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020-இல் தம் போர்டிங் பாஸின் படத்தைப் பொதுவில் வெளியிட்டார். அதிலிருந்த குறியைக் கொண்டு ஓர் இளைஞர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கண்டுபிடித்துவிட்டார். நல்லவேளையாக அந்த இளைஞர் அதைத் தீமைக்குப் பயன்படுத்தாமல் அதிகாரிகளுக்குத் தெரிவித்தார்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இதில் கர்நாடகத்துக்கு ஒரு பெருமை உண்டு. அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக ஹைகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி. அதன் பின் வந்ததே 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவு, நம் விவரங்களை வைத்திருப்பவரிடம் அவ்விவரங்களின் சுருக்கத்தையும், அவை வேறு யாருக்குக் கொடுக்கப்பட்டன என்பதையும் கேட்கும் உரிமையை நமக்கு அளிக்கிறது. 12-ஆம் பிரிவு திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமை. நாம் ஜெனீவாவையும் மாட்ரிட்டையும் தேடிப் போக வேண்டியதில்லை. ஏட்டை வேறொருவரிடம் ஒப்படைத்திருந்தாலும் பொறுப்பு விமானக் கம்பெனியினுடையதே என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வெளி மாநிலத் தமிழர் மனத்தில் கொள்ளத்தக்க இன்னொரு பிரிவும் இருக்கிறது. நம் சம்மதம் கேட்டு அவர்கள் தரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த மொழியிலோ படிக்கும் வசதி நமக்குத் தரப்படல் வேண்டும். மைசூரில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும் அதைத் தமிழில் கேட்கலாம்.

எனினும், இச்சட்டத்தைப் பற்றி நமக்குக் குறைகள் உண்டு. முதலாவது, ‘சுருக்கம்’ என்ற சொல். 2018 மே முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியச் சட்டம், விவரங்களின் நகலையே கேட்கும் உரிமை தருகிறது. பொதுவாக ஒரு மாதத்துக்குள் விடை தரவேண்டும். விமான இடப்பதிவு அமைப்புகளுக்கென்று 2009-இல் அங்கே இயற்றிய தனி ஒழுங்குமுறையோ, தன்னைப் பற்றிய விவரத்தை அந்த அமைப்பிடமிருந்தே கட்டணமின்றிப் பார்க்கும் உரிமையைப் பிரயாணிக்குத் தந்தது. நமக்குக் கிடைப்பது சுருக்கம். ‘உங்கள் பெயரும் தொடர்பு விவரமும் எம்மிடம் உள்ளன’ என்று இரண்டு வரி எழுதினாலும் சுருக்கம்தானே என்று ஒருவர் வாதிடலாம். பெயரில் ஓரெழுத்துப் பிழையையும், நம் எண்ணுக்குப் பதில் கடையின் எண் இருப்பதையும் சுருக்கம் காட்டிக்கொடுக்குமா? முழு ஏட்டைக் கண்டால்தான் அது தெரியும்.

இரண்டாவது, காலம். 2025 நவம்பரில் வெளியான விதிகள், இவ்வுரிமைப் பிரிவுகள் 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தன. மூன்றாவது, பணம். விவரங்களைக் காக்கத் தவறிய கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அத்தொகை சர்க்கார் கஜானாவுக்குச் செல்லும். பாதிக்கப்பட்ட பிரயாணிக்கு அதிலிருந்து ஒரு காசும் வராது.

குற்றங்களைத் தடுக்கவும் விசாரிக்கவும் சட்டப்படி எழுதிக் கேட்டுப் பெறும் அதிகாரிகளுக்குக் கொடுத்ததை நம்மிடம் சொல்ல வேண்டியதில்லை என்றும் சட்டம் விலக்கு வைத்திருக்கிறது. 2022 ஆகஸ்ட் 8 அன்று வெளியான விதிகளின்படி, வெளிநாட்டு விமானங்களில் வருவோர் போவோரின் ஏட்டு விவரங்களை விமானம் புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே சுங்க இலாகாவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே அவை ஐந்தாண்டுகள் வரை இருக்கும். பின் ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றப்படும். கடத்தலைத் தடுப்பது நல்ல காரியமே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பெங்களூரிலிருந்து சிங்கப்பூர் செல்லும் பாட்டியின் ஏட்டில் தவறாக ஏறிய ஒரு விவரம் அங்கே ஐந்தாண்டு இருக்குமென்றால், அதைப் புறப்படுமுன் திருத்திக்கொள்வது எத்துணை அவசியம் என்று நேயர்களே உணர்வார்கள்.

முன்பு இன்னொரு வழியும் இருந்தது. ஏர் இந்தியா சர்க்கார் கம்பெனியாக இருந்தவரை, 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி அதனிடம் விவரம் கேட்கலாம். 2022 ஜனவரி 27 அன்று அது டாட்டா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டபின் அக்கதவு மூடிவிட்டது.

அப்படியானால் இன்று கையில் இருப்பது என்ன? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் அமலிலுள்ள இச்சட்டத்தில், சேவைக் குறைபாடு என்பதற்குத் தரும் விளக்கத்தில், நுகர்வோருக்குத் தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. நம்பிக்கையோடு கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளியிடுவது முறையற்ற வாணிபம் என்றும் அதே சட்டம் கூறுகிறது. இவ்விரண்டும் நமக்குப் போதிய ஆயுதங்கள் என்பதே நம் கருத்து. நம்மவர் இவற்றை எடுத்து வீசுவதில்லை, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. பதிவு செய்த அன்றே ஏஜெண்டிடம் இரண்டு குறிகளையும் கேட்டு வாங்கி, விமானக் கம்பெனியின் வலைத்தளத்தில் நாமே திறந்து, பெயரையும் எண்ணையும் பார்த்துவிட வேண்டும். அங்கே எல்லாம் தெரியாது. தெரிகிற வரையில் லாபம். ஐயம் இருந்தால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஏட்டில் எம் பெயர் எழுத்துக்கு எழுத்து எவ்வாறு உள்ளது, எந்தத் தொலைபேசி எண்கள் உள்ளன, உணவு முதலிய வேண்டுகோள்கள் எவை, எந்தத் தேதியில் யார் என்ன மாற்றினார், யாருக்கு அனுப்பப்பட்டது என்று திட்டமாகக் கேட்க வேண்டும். ‘என் விவரம் தருக’ என்று பொதுப்பட எழுதினால் பொதுப்படவே விடை வரும். கடிதத்தின் நகலையும் அனுப்பிய நாளையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

விடை வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-ஐ அழைக்கலாம். அங்கே தமிழிலும் பேசலாம். மத்திய சர்க்காரின் ஏர்சேவா தளத்திலும் முறையிடலாம். அதற்கும் பயனில்லையேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் எதிர்க்கட்சிக்காரர் இருக்கும் ஊரிலோ, விவகாரம் எழுந்த ஊரிலோதான் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. புதிய சட்டத்தில் நாம் வசிக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ தொடுக்கலாம். கம்பெனியின் தலைமையகம் வட நாட்டில் இருந்தாலும், மைசூரில் குடியிருக்கும் தமிழர் மைசூர் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம்; வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சேவைக்காகச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் கிடையாது. முறையீடு, விவகாரம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.